பூச்சியம் தசம் ஒன்று

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்கிறது கையேடு.
ஷெப்பர்ட்டனில், ஆடி மாதச் சனிக்கிழமை
காலை ஐந்தே முக்காலுக்கு, தகர ஷெட்டுக்குள்
அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.
ஸ்பேனரைப் பிடித்த விரலை
மற்றக் கையால்தான் விரித்தெடுக்கிறேன்.

டாங்க் பழப்பெட்டியின் மேல்.
சீட் சலவை மெஷினின் மேல்.
இடப்பக்கத்துச் சின்ன ஜன்னலில்
டீ என்ற எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
பிழையான சுற்று. ராக்கர்கள் இறுகிக் கிடந்தன.
இன்னுமொரு முழுச் சுற்று,
அப்போதுதான் தளர்ந்து கொடுத்தன.

எனக்கு முன்னால் யாரோ இதற்குள் வந்துபோயிருக்கிறார்கள்.
எக்ஸாஸ்ட் பக்க மூடியில் ஒரு போல்ட்
பிடியில்லாமல் சும்மா சுற்றுகிறது,
இழுத்தால் பென்சில் சீவலாய்
அலுமினியப் புரி கூடவே வருகிறது.
ஓ-ரிங் காய்ந்த இடியப்பம்; தொட முறிந்தது.
திருகின் சதுரத் தலை நாலு மூலையும் மழுங்கி வட்டம்,
அதைச் சுற்றிக் குறட்டின் பல்.
அவசரக்காரன்.
ஏழு மணிக்கு எங்கோ நிற்கவேண்டியிருந்தவன்.

போன ஞாயிறே வைத்தேன் இடைவெளி,
பூச்சியம் தசம் ஒன்று.
புத்தகத்துக்குள் மறந்த காசுத்தாளை உருவுவதுபோல
மெல்லிய பிடிமானத்தோடு தகடு வந்தது.
ஓட்டினால் டக் டக் டக்.
மூரூப்னா பாலம் முழுக்க டக் டக்.
சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரி
கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்,
பிறகு ஏற்றினாள்.

"கேஜ் பொய் சொல்லாது" என்றான் ரம்ஸான் அலி.
ஜாகோரியில் டாக்சி திருத்தியவன்,
என் அறைக்கு அடுத்த அறை.
"அப்ப காதா பொய் சொல்லுது?" என்றேன்.
தேத்தண்ணியை ஊதிக்கொண்டு போய்விட்டான்.

இன்று திருகை முழுசாகவே கழற்றி
ஃபோன் வெளிச்சத்தில் பிடித்தேன்.
நுனியில் ஒரு குழி.
அரைப் பயறு உட்காரலாம்.
வால்வுத் தண்டு வருடக்கணக்காய் அடித்து
தன் அளவுக்குக் கிண்டிக்கொண்ட குழி.
தகடோ அகலம்.
இரண்டு கரையிலும் கால்வைத்து
மேலால் போய்வந்திருக்கிறது.
அது அளந்தது கரையை.
தண்டு தட்டியது அடியில்.

கொஞ்சநேரம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன்.

என்னிடமும் அப்படியொரு தகடு இருக்கிறது.
ஆறு மாதத்துக்கொருக்கால் புதுப்பிக்கும் பிரிட்ஜிங் விசா.
பதினொரு வருடம்.
கேட்பவர்கள் விட்டெடுத்துப் பார்க்கிறார்கள்:
வேலை, இருக்கிறது.
விலாசம், இருக்கிறது.
நித்திரை?
ஓமென்று சொல்லிவிடுவேன்.
எல்லாம் அளவுக்குள்.

ஒன்பது மணிக்கு உடைசல் யார்டில் லொரேன்
வருடத்தைக் கேட்டாள், மாடலைக் கேட்டாள்,
ஒரு கோப்பித் தகரத்துக்குள் கைவிட்டுத் துழாவி
இரண்டு திருகு எடுத்தாள். எட்டு டொலர்.
"முகம் பார்த்தியா?" என்றாள்.
ராக்கரின் முகத்தைக் கேட்கிறாள்.
நகத்தால் தடவிப் பார்த்திருந்தேன், வழுவழுப்பு.
தண்டின் தலையும் தப்பியிருந்தது.
சில வேளை அடிபடுவது
அடிப்பதைவிட மெதுவான இரும்பு, அவ்வளவுதான்.

புரி போன துளைக்குப் புதுப்புரி வைக்க இந்த மாதம் காசில்லை.
நீளமான போல்ட் ஒன்று அடிவரை போய்
மிச்சமிருந்த மூன்று புரியில் பிடித்துக்கொண்டது.
கை இறுக்கம் மட்டும். அதற்குமேல் கேட்கவில்லை நான்.

லாக்நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் நகரும்.
அதனால் இறுக்கியபின் திரும்ப அளக்கவேண்டும்.
அளந்தேன். பிசகு. தளர்த்தி, திரும்ப.
நாலாம் தடவை சரிவந்தது.

சத்தம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
கேட்கவேண்டிய அளவுக்குக் கேட்கிறது.
ரம்ஸான் அலி ஜன்னலால் தலையை நீட்டி
ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்தான்.

திங்கள், பேரித்தோட்டத்தில் கவ்வாத்து.
பழைய திருகு ஜாக்கெட் பொக்கெட்டில்.
கையுறையைக் கழற்றும்போதெல்லாம்
பல்லோட்டைக்குப் போகும் நாக்கைப்போல
நகம் அந்தக் குழிக்குப் போகிறது.