முறை

பதிவு அலுவலகப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது.
"இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை?" என்றாள்.
படிவத்தில் அந்தக் கட்டம் தீப்பெட்டி அகலம்.
பேனா காத்திருந்தது.

ரோனா, உனக்கு நான் என்ன முறை?

அறுபத்தாறு, நவம்பர். கிளாஸ்கோ.
மழை பெய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் உன் துண்டுச்சீட்டு:
"வீட்டில் பங்குக்கு ஒரு பெண் தேவை. பாடுகிறவள் வேண்டாம்."
மூன்று மாடி ஏறித் தட்டினேன்.
தலையெல்லாம் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து
"ஷில்லிங் இருக்கிறதா?" என்றாய்.
எரிவாயு மீட்டர் கடைசிக் காசையும் விழுங்கியிருந்தது.
என் பெயரை நீ கேட்டது
தலை காய்ந்த பிறகு.

அந்தக் கதவின் கைப்பிடியில்தான் அட்டை தொங்கியது,
ஓரம் நைந்து, சணல் கயிற்றில்:
"இந்த வாரம் படி கழுவுவது உங்கள் முறை."
கழுவிவிட்டு எதிர்வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும்.
எதிர்வீட்டு மிஸஸ் கால்டர்
விரலால் படியைத் தடவி
அந்த விரலை நம்மிடம் நீட்டுவாள்.

ஏழு வருடம்.
இரண்டு பேருக்கு ஒரே நல்ல கோட்டு, பச்சை;
ஒரு சனிக்கிழமை உனக்கு, மறு சனிக்கிழமை எனக்கு.
உன் சனிக்கிழமையில் என்னை அழைத்தவன்
திரும்ப அழைக்கவில்லை. பரவாயில்லை.
பால் பாட்டிலின் ஏட்டைக் குடித்துவிட்டு
பூனைமேல் பழி போட்டாய்.
நம்மிடம் பூனையே கிடையாது.
தொலைபேசி நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து
பகல் தூக்கத்தில் பேசுவாய்:
"இணைக்கிறேன், காத்திருங்கள்."
சுவருக்கு அப்பால் நானும்
யாரோ பேசுவார்கள் என்று காத்திருந்திருக்கிறேன்.

வீட்டைக் காலி செய்த அன்று நீ திருடியது
அந்த அட்டை ஒன்றைத்தான்.

பிறகு அபர்டீன். ஃபெர்கஸ்.
கல்யாணத்துக்கு முதல் நாள் அவனைப் பற்றி
நான் சொன்ன வாக்கியத்தை
இங்கேயும் எழுதப் போவதில்லை.
உண்மைதான், ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது.
பதினொரு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.
பிறகு ஒரு உறை. கடிதம் கிடையாது. உள்ளே அட்டை மட்டும்.
உங்கள் முறை.
கம்பளிச் சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு
முதல் ரயிலைப் பிடித்தேன்.

அதற்குப் பின் அது எத்தனை முறை போய் வந்தது!
ஃபெர்கஸ் உன்னை விட்டுப் போனபோது நான் அனுப்பினேன்;
மறுநாளே வந்து என் சோபாவில் ஒரு மாதம் படுத்திருந்தாய்.
என் மார்பில் கட்டி என்றார்கள்;
சொல்ல வாய் வரவில்லை, அட்டையை உறையிலிட்டேன்.
பிறந்தநாள் மறந்தால் அட்டை.
நீ வாங்கிய இருபது பவுண்டுக்கு அட்டை
(இன்னும் வரவில்லை, அந்த இருபது).
கயிறு இரண்டு தடவை மாறியது.
எழுத்து மங்கிவிட்டது, ஆனால் நமக்கு
அதை வாசிக்க வேண்டியிருந்ததா என்ன.

ஜனவரியில் நான்தான் அனுப்பினேன்,
காரணமே இல்லாமல், சும்மா.
நீ வரவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தது அழைப்பு.

"ஒரே வீட்டில் இருந்தோம்," என்றேன் அந்தப் பெண்ணிடம்.
"எப்போது?"
"எழுபத்து மூன்று வரைக்கும்."
நிமிர்ந்து பார்த்தாள்.
கட்டத்தில் "தோழி" என்று எழுதினாள்.
இடம் மிச்சமிருந்தது.

இன்று உன் வீட்டைக் காலி செய்தோம்,
நானும் உன் அண்ணன் மகனும்.
இழுப்பறைகள், கோட்டுப் பைகள், மெத்தைக்கு அடியில்,
உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்கூடத் தேடினேன்.
அட்டை இல்லை.

எல்லோரும் போன பிறகு
ஒரு வாளி வெந்நீர் எடுத்து
உன் வாசல் படி மூன்றையும் கழுவினேன்.
முழங்கால் திட்டியது.
கருங்கல் காயவே இல்லை, மழை வந்துவிட்டது.

இது கணக்கில் சேராது, ரோனா.
அட்டை உன்னிடம்தான் இருக்கிறது.