இடது பூட்ஸில் மகள்

சாணக்கியபுரி, ஜனவரி.
தூதரகத்தின் கொடிக்கம்பத்தைப் பனிமூட்டம்
பாதிவரை விழுங்கியாயிற்று.
ஹீட்டரில் ஒற்றைக் கம்பி மட்டும் சிவக்க
எழுபத்தோராவது கடிதத்தில் இருக்கிறேன்.

எழுதியவன் ஒத்தாவியோ பெரெல்லி.
ஐந்நூறு வருடம் முன்பு
வரைபடத்தில் விரல்நகம் மறைத்துவிடும் அரசவை ஒன்றின் செயலர்.
இரண்டு கோமகன்கள், நான்கு போர்கள்,
பதினொரு மாதச் சம்பள பாக்கி.
"அந்த நாய்க்கு எழுது" என்பார் கோமகன்.
"பெருமதிப்புக்குரிய எம் சகோதரருக்கு"
என்று தொடங்குவான் இவன்.
மை உறையாதிருக்கப் புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஆல்ப்ஸைக் கடந்திருக்கிறான்.

கணவாய்க்கு அப்பால் ஓர் அரசிக்குப் பேறுகாலம்.
நம் வாழ்த்துதான் முதலில் போய்ச் சேரவேண்டும்.
வலது பூட்ஸில் மகன் பிறந்ததற்கான கடிதம்,
இடது பூட்ஸில் மகள் பிறந்ததற்கு.
இடதில் நான்கு வரி குறைவு.
அதையும் மறைக்காமல் மனைவிக்கு எழுதுகிறான்,
மூன்று பெண்களைப் பெற்றவன்.

குழந்தை அழவேயில்லை.
மூன்றாவது கால் எவனுக்கு இருக்கிறது?
சத்திரத்தில் ஆறு நாள்
ஈர பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான்.
கோமகனுக்குப் போனது ஒரே வரி:
பாதை திறந்ததும் திரும்புகிறேன்.

என்னிடமும் இன்று இரண்டு உறைகள்.
நீலத்தில், ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு மகிழும் உரை.
பச்சையில், பேச்சு தொடரும் என நம்பும் உரை.
இரண்டும் என் கைவேலை.
இரண்டிலும் "நெடுங்கால நட்பு"
அதே இரண்டாம் பத்தியில், அதே புன்னகையோடு.
தூதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
எதையும் வாசிப்பார், நன்றாகவே வாசிப்பார்.

நான்கு மணிக்குத் தொலைபேசி.
ஓடுபாதை தெரியவில்லையாம்.
ரோமிலிருந்து வந்த அமைச்சர்
ஜெய்ப்பூரில் இறங்கி
யாரோ கொடுத்த கச்சோரி தின்றுகொண்டிருக்கிறார்.

டிரைவர் ஓம்வீர் கதவிடுக்கில் தலைநீட்டி
"மேடம், கௌன்ஸீ ஃபைல்?" என்கிறான்.
நீலமா பச்சையா.
டீ சொல்லிவிட்டு வா என்றேன்.

கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல்
மேல்நோக்கி வளைந்து ஏறும் எழுத்தில்
இன்னும் ஒரு வரி பாக்கி:
தோல் பிய்ந்துவிட்டது, செம்மானிடம் கடன் சொல்லி வை.
பெண்கள் சாப்பிட்டார்களா?

அரசாங்கத் தமிழில் வருமா இது, ஆங்கிலத்தில் வருமா,
அறிக்கையில் இதற்கு எந்தக் கட்டம்?
பேனாவை மூடினேன்.
காலையில் ஆர்.கே. புரத்தில்
பஸ்ஸுக்கு ஓடி மிதித்த குட்டை.
ஷூவைக் கழற்றி
ஹீட்டருக்கு முன் காலை நீட்டுகிறேன்.
வலதும் நனைந்திருக்கிறது, இடதும்.