பதில் சொல்லாத கை

விண்டர்தூர். நவம்பர். ஐந்து மணிக்கே இருட்டு.
ஃப்ராவ் ஏகெர்ட்டர் விரலை மடக்க நினைக்கிறார்.
மேசைமேல் விரல் மடங்குகிறது.
நடுவில் ஒரு இடைவெளி,
தும்மல் வருமா வராதா என்பது போல.

"நான் கூப்பிட்டால் இது பதில் சொல்கிறது," என்றார்.
"கை பதில் சொல்லக்கூடாது."

மாவு பிசையும் இயந்திரத்திடம் வலக்கையை விட்டு
பதினோரு வருஷம்.
அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறுவதில்லை.
கேட்கிற என் முகம்தான் மாறுகிறது.

வேகம் போதவில்லை, இன்னும் ஏற்று, என்றார் ரெட்டோ.
திரையில் பச்சைக் கோடு
ஏற்கெனவே கூரையை முட்டிக்கொண்டிருந்தது.
கம்பிக்குள் நெடுஞ்சாலை காலியாகக் கிடக்க
தசையின் துடிப்போ முப்பது பைட்,
ஒரு வாழ்த்துச் செய்திக்குக்கூடக் காணாது.

பிறகுதான் பிடிபட்டது.
யுஎஸ்பி சில்லு காத்திருக்கிறது:
பெட்டி நிறையட்டும்,
இல்லையா, பதினாறு மில்லிநொடி ஆகட்டும்.
அசல் தாம்பரம் ஷேர் ஆட்டோ.
இன்னும் ரெண்டு பேர், ரெண்டே பேர் என்று
உறுமிக்கொண்டே நகராமல் நிற்கிற அதே புத்தி.
எழுதியவர் முட்டாள் இல்லை,
கோப்பு நகலெடுப்பவருக்கு அது லாபம்.
கைக்கு இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பேருந்து
ஒருவரையும் ஏற்றாமல், விளக்கெல்லாம் எரிய
பதினேழு ஐம்பத்திரண்டுக்குக் கிளம்பிப் போனது.
ஊதாரித்தனம் என்று முதல் குளிர்காலத்தில் சிரித்திருக்கிறேன்.

பதினாறை ஒன்றாக்கினேன்.
கேட்கும் வாளியைச் சிறிதாக்கி
ஒன்று திரும்புமுன் அடுத்தது என
எட்டு வாளிகளை வரிசையில் விட்டேன்.
இடையில் கிடந்த ஹப்பைப் பிடுங்கினேன்.
பச்சைக் கோடு சற்றே இறங்கியது. ரெட்டோவின் புருவமும்.

ஆனாலும் எப்போதாவது கை உறைந்தது.
சரியாக அறுபத்துநாலு பைட் போகும்போது மட்டும்.
பொட்டலம் முழுசாக வந்தால்
மிச்சம் பின்னால் வருகிறதென்று கணினி வாசலிலேயே நிற்கும்.
அவ்வளவுதான் என்று சொல்ல
ஒன்றுமே இல்லாத பொட்டலம் ஒன்று அனுப்ப வேண்டும்.
நீளம் பூஜ்யம்.
இதற்கு மூன்று இரவு.
(எனக்கும் ஒருவன் அப்படி ஒன்று அனுப்பியிருந்தால்
போன வருஷம் ஆறு மாதம் மிஞ்சியிருக்கும்.)

அடுத்த வியாழன் வந்தவர்
வெண்ணெய் விலையைத் திட்டினார்,
மருமகன் வாங்கிய காரைத் திட்டினார்.
திட்டிக்கொண்டே பிஸ்கெட்டை எடுத்துக் காப்பியில் முக்கினார்,
வலது கையால்.
கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தாமதம் இப்போது எவ்வளவு, எண் என்ன,
அறிக்கையில் போட வேண்டும் என்றார் ரெட்டோ.
நனைந்த பிஸ்கெட்
உடைந்து விழுமுன்
வாய்க்குப் போய்விட்டது என்றேன்.