ஐந்து வாரத் தண்ணீர்

மூடிப்போன கடலுணவுக் கடையில்
நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு எடுத்தோம்
நான்கடித் தொட்டியை.
வாடிக்கையாளர் விரல் நீட்டிய மீனை
வலைக்கரண்டியில் அள்ளிய தொட்டி.
மூலைச் சிலிக்கோனில் இன்னும்
உப்பு வெள்ளையாய் ஒட்டியிருந்தது.
காடியும் பழந்துணியுமாய்
இரண்டு ஞாயிறு துடைத்தேன்.

பாடாங் செராய், தாமான் வீடு.
சாமி மேடைக்கும் குளியலறைக்கும் நடுவில்தான்
சும்மா இருந்தது ஒரு சுவர்.
ஆலை வெல்டர் முத்துராக்கு
மிச்சக் கம்பியில் கால் அடித்துக் கொடுத்தார்.

கறுப்பு மண், மேலே ஆற்று மணல்,
நடுவே அமேசான் வாள் செடி,
மரக்கட்டையில் நூலால் கட்டிய அனுபியாஸ்.
பதினெட்டு ரிங்கிட் என்று ஆ லியோங் நீட்டிய
கிண்ணத்துச் செடியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
ஆலைக்கு நீர் எடுக்கும் ஓடையில்
மாதிரி பிடிக்கப் போகும்போதெல்லாம்
என் ரப்பர் காலணியில் சிக்குவது இதுதான்.
இருந்தாலும் வாங்கினேன்.
ஓடைச் செடியோடு நத்தை முட்டையும் வரும்.

பிறகு மீன் இல்லாத ஐந்து வாரம்.

விளக்கு எரியும், நீர் சுழலும்,
வெறும் தண்ணீருக்கு நாள்தோறும்
அளந்து நான்கு சொட்டு அம்மோனியா.
பக்கத்து வீட்டு ரொஹாயு கம்பிக்கதவில் நின்று
"ஈக்கான் மானா?" என்பாள்.
"பெலும்" என்பேன்.
மறுவாரமும் கேட்டாள். அதற்கும் மறுவாரம்
மகனைக் கூட்டி வந்து
இல்லாத மீனைக் காட்டினாள்.

ஹீட்டர் வாங்கியதைத்தான் யாரும் மன்னிக்கவில்லை.
இந்த வெயிலுக்கா என்று
தலைக்கவசத்தைக் கழற்றாமலே சிரித்தான் ஞானவேல்.
மழை பெய்த விடியலில் இருபத்தாறுக்கு இறங்கும்,
டிஸ்கஸ் இருபத்தொன்பது கேட்கும்.
நீயும்தான் விடியலில் போர்வை கேட்கிறாய் என்றேன்.

அளவுகளை எழுத ஆலையில் கழித்த
பழைய பரிசோதனைப் பேரேடு.
கொழுப்பமிலம், ஈரம், அழுக்கு என்ற தலைப்புகளை அடித்து
அம்மோனியா, நைட்ரைட், அமில அளவு என்று எழுதினேன்.
'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தை அப்படியே விட்டேன்.

பகலெல்லாம் எண்ணெய்க்கு வயது சொல்கிறவள் நான்.
செம்பனைக் குலை எத்தனை நேரம்
லாரியில் காத்துக் கிடந்ததென்று
புளிப்பு காட்டிக் கொடுத்துவிடும்.
தண்ணீர் அப்படி இல்லை.
காத்துக் கிடக்கக் கிடக்க
அதில் ஏதோ நல்லது குடியேறுகிறது.

முப்பத்தாறாம் நாள் நைட்ரைட் பூச்சியம்.
சுங்கை பட்டாணியிலிருந்து என் மடியில்
ஐஸ் பெட்டிக்குள் நான்கு பைகள்.
தட்டு மாதிரி வளரும் என்றான் ஆ லியோங்,
அன்றைக்கு பிஸ்கட் அளவு.
"மாட்டு இதயம் அரைத்துப் போடு."

ஞானவேல் காவடிக்கு விரதம் இருந்த மாதம்.
கடைசித் தட்டில் ஒளித்ததைத்
திறந்து பார்த்தான், மூடினான்,
ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.
மறுநாள் அது ரொஹாயு வீட்டுக் குழம்புக்குப் போனது.
இறாலும் கீரையும் அரைத்தேன்.
இறால் மட்டும் சைவமா என்றான்.
மீனுக்கு விரதம் இல்லை என்றேன்.

மூன்று நாள் மென்று மென்று துப்பின.
நான்காவது மீன், நீலக்கோடு போட்டது,
கறுத்துப்போய் வாள் செடிக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றது,
மானேஜர் கூப்பிட்டனுப்பிய ஆள் மாதிரி.

அன்றிரவுதான் மின்சாரம் போனது.
எழுந்து வந்தால் ஞானவேல் முன்னமே அங்கே.
தன் போர்வையைத் தொட்டிக்குச் சுற்றிவிட்டு
குவளையில் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான்,
காற்று கலக்கட்டும் என்று.
எவ்வளவு நேரமா?
தெரியல. நாலும் இருக்கு.

ஐந்தரைக்கு ஆலைச் சங்கு.
ஆறு மணிக்கு விளக்கு வந்தது.
கறுத்த மீன் செடியை விட்டு வெளியே வரவில்லை,
ஆனால் திரும்பி நின்றது.

பேரேட்டை எடுத்தேன்.
சூடு இருபத்தேழு. அமில அளவு ஆறரை.
குறிப்பு:
தரையெல்லாம் ஈரம். போர்வை கொடியில்.