தொட்டான், ரைட் அவுட்

மில் டீம் பட்டியலில் அவன் பெயர் கடைசி.
மைக்காரர் அதைச் சொன்னாலே
வேலியோரம் சிரிப்பு கிளம்பும்:
தொட்டான் தொட்டான்.
தொட்டதுதான் தெரியும்.
பந்து அக்கட்டால போயிருக்கும்,
நான் இக்கட்டால நின்றிருப்பேன்,
நடுவில் கொஞ்சம் செம்புழுதி.

போத்தனூர் ரயில்வேக்கு லெப்ட் பேக் நான்.
லோகோ ஷெட்டில் கரி அள்ளிய தொடை.
மெட்ராஸ் ஆட்களையே சாய்த்தவன்.
இவனோ சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும்,
தலையெல்லாம் பஞ்சு.
ஓடும் கதிரை நிறுத்தாமல்
அறுந்த இழையை முடிகிற விரல்
அவனுக்குக் காலில் இருந்தது.

வலது காலில் பூட்ஸ். இடது, வெறுங்கால்.
கேட்டால்,
"இந்தக் காலுக்குக் கண்ணு இருக்குதுங்க,
மூடி வெச்சாப் பாவமுங்க."

அறுபத்தெட்டு. மழை பொய்த்த ஐப்பசி.
சிங்காநல்லூரில் அரையிறுதி.
நாலு பேரைத் தாண்டினான், நாலாவது நான்.
கோலியையும் உட்கார வைத்துவிட்டு
கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
வெறுங்காலைப் பந்தின்மேல் வைத்து நின்றான்.
திரும்பிப் பார்த்தான்.
"பெலிக்ஸண்ணா, எந்திரீங்க,
இன்னொருக்காப் பாத்துக்கலாமுங்க."

பந்தை வெளியே ஓட்டி வந்தான்.
பாதிக் கூட்டம் அவன் தாயைத் திட்டியது.
மீதிக் கூட்டம் மூச்சு விடவில்லை.
இந்த முறை நான் பந்தைப் பார்க்கவில்லை.
கணுக்காலைப் பார்த்தேன்.
அந்தச் சத்தம்.
ரெப்ரி எங்கோ வானத்தைப் பார்த்திருந்தார்.

அவன் எழுந்தான், என் தோளைப் பிடித்துக்கொண்டு.
அப்போதுதான் மில் சங்கு ஊதியது.
"ஷிப்டுங்கண்ணா" என்று நொண்டிக்கொண்டே
கேட்டைப் பார்த்துப் போய்விட்டான்.
பத்துப் பேரை ஜெயித்தோம், ஒன்றுக்குச் சுழி.
மூன்று நாள் கூலி பிடித்தார்களாம்.
தேர்வுக்கு வந்த பெரியவர்
ஊட்டி பஸ் ஏறுமுன் ஒரு வரி எழுதினாராம்:
ஆட்டம் தெரியும், ஜெயிக்கத் தெரியாது.

அந்த வரி சரியென்றுதான்
ரொம்ப வருசம் நானும் இருந்தேன்.

பீரோவில் ஆறு மெடல் கிடக்கிறது.
யாரை ஜெயித்து வாங்கியதென்று
பின்னால் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.
ஆனால் அவன் என்னைத் தாண்டிய பதினோரு தடவையும்
தனித்தனியாகச் சொல்வேன்.
ஏழாவது தடவை பந்தை அவன் தொடவே இல்லை.
தோளை லேசாய் அசைத்தான், அவ்வளவுதான்.
நான் போய்விட்டேன்.
பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.
நானே சிரித்துவிட்டேன்.
கேப்டன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மில்லை மூடிய பிறகு
பல்லடத்தில் தறிக்குப் போனான் என்றார்கள்,
தாராபுரத்தில் பார்த்ததாக ஒருத்தர்.
எங்கே நடந்தாலும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான்.
அந்தச் சாய்வு என்னுடையது.

கிளப் நோட்டில்
கோல் அடித்தவருக்குத்தான் கட்டம் போட்டிருக்கிறது.
ஓரத்தில் இடமிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்:
தொட்டான், ரைட் அவுட்,
ரிங் பிரேம், இரண்டாம் ஷிப்ட்.
பதினோரு தடவை.
கீழே 'ஏமாந்தவர்' என்று போட்டு
என் பெயர்.
இனிஷியலோடு, பிழையில்லாமல்.