ஓர் எழுத்து கூடுதல்

தார்த்து நகரம். பிப்ரவரி. ஆறு உறைந்துவிட்டது.
மூன்றாம் மாடியில் ஹெல்வே
புரதம் ஒன்றைப் பச்சையாய் ஒளிரவிட்டிருக்கிறாள்.

அதன் முகம் சவ்வுக்கு அந்தப் பக்கம்.
உறைப் புரதம் முகம் பார்ப்பதில்லை.
இந்தப் பக்கம் நீண்ட வாலைத்தான் தடவும்,
நுனியிலிருந்து மூன்று, நான்கு:
லைசின், லைசின்.
இருக்கிறதா? சரி,
வழிதவறி வந்தவனே, ஏறு குமிழியில்,
உறைவிடம் போ.

இரண்டு லைசினையும் அவள் தொடவில்லை.
வாலின் கடைசியில் ஓர் அலனின் ஒட்டவைத்தாள்,
அவ்வளவுதான்.

"உறைக்கு எண்ணத் தெரியும், படிக்கத் தெரியாது,"
என்றான் ஐவோ, ஆறிய காப்பியோடு.
"இரண்டும் தெரியும். பார்."
திரையில்
உள்ளே வலையாய்க் கிடக்கவேண்டிய பச்சை
செல்லின் விளிம்பில்
மெல்லிய வளையமாய் நின்றது,
இறங்குமிடம் தாண்டி விழித்துக்கொண்ட பயணியைப் போல.

விடிகாலை நான்கு. மைனஸ் பத்தொன்பது.
தன் கட்டட வாசலில்
கையுறை விரல் கடைசி எண்ணை
இரண்டு தரம் அழுத்திவிட்டது.
சிவப்பு விளக்கு.
சரியான எண்கள்தாம், வரிசையும் சரி.
யாருமில்லாத தெருவில்
சத்தமாகச் சிரித்தாள்,
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.