மீட்காத சீட்டு

மைல்ஸ் சிட்டி கண்காட்சிக் கூடத்தில்
வெர்னா டாலெஃப்சன் மேசைமேல் கிடத்தினாள்,
குதிரைப் போர்வையில் சுற்றிய வின்செஸ்டரை.
எழுபத்து மூன்றாம் மாடல்.

நான் முதலில் திருகாணிகளைப் பார்ப்பேன்.
தலையில் கீறல் இருந்தால்
யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.
இதில் யாரும் போகவில்லை.

நெம்புகோலை இறக்கி ஏற்றினேன்:
கடக், கடக்.
நூற்று முப்பது குளிர்காலம் கழிந்தும்
பல் விழாத வாய்.
நீலம் போய்ப் பழுப்பேறிய உலோகம்.
சேணத்தில் உரசி உரசி
ஒரு பக்கம் மட்டும் வழுவழுத்த கட்டை.
ஆறாயிரம், என்று மனசில் போட்டுக்கொண்டேன்.

பிறகு பின்தகட்டின் சிறு கதவைத் தள்ளினேன்.
துடைக்கும் கம்பி இருக்க வேண்டிய துளையில்
சுருட்டிய அடகுச் சீட்டுகள்.
பிப்ரவரியில் ஒன்பது டாலர், அக்டோபரில் மீட்பு.
அடுத்த பிப்ரவரி, எட்டு. மீட்பு.
ஒரு வறட்சி வருஷம் வெறும் ஐந்தரை.
எனக்கு முன்பே இதற்கு
விலை சொல்லிப் பழகியிருக்கிறது ஊர்.

"இவையும் சேர்ந்தால் ஒன்பதாயிரம்," என்றேன்.
கடைசிச் சீட்டை அவள்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
அதில் மட்டும் மீட்பு முத்திரை இல்லை.
துப்பாக்கி எப்படியோ வீடு வந்திருக்கிறது.

நான் கேட்கவில்லை.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது.
சீட்டை நாலாய் மடித்துக்
கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
"விற்பது துப்பாக்கியை மட்டும்.
இந்தக் கடன் எங்களோடு இருக்கட்டும்."

மதிப்பீட்டுத் தாளில்
சீட்டுகள் ஏழு என்று எழுதியிருந்தேன்.
ஏழை அடித்துவிட்டு
ஆறு என்று திருத்தினேன்.